பூசைக்குக் கருத்து எழுதுவது எப்படி: ஒன்பது வருஷம் நோட்டு எழுதியவள் சொல்வது

போன வாரம், குவைத்தில் இருந்து லீவுக்கு வந்த ஒரு பையன் வீட்டு நடையில் வந்து நின்றான். ஆறாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். "டீச்சர், அப்பாவுக்கு ஒரு பூசைக்குக் குடுக்கணும். எவ்வளவு?" என்று கேட்டான்.

எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் குருவானவர் வைக்கிற திருப்பலியைத்தான் பூசை என்கிறோம். அதை ஒருவருக்காக ஒப்புக்கொடுக்கச் சொல்லிக் கேட்க வருகிற எல்லாரும் இந்தக் கேள்வியில்தான் ஆரம்பிக்கிறார்கள். "காசு கடைசியில பேசலாம் மக்களே, முதல்ல உட்கார். அப்பா பேரை முழுசாச் சொல்லு. எந்த நாள் இறந்தாரு, அதையும் சொல்லு" என்றேன். பெயரைச் சொன்னான். நாள் தெரியவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டான். அம்மா அந்தப் பக்கம் நாளைச் சொல்லிவிட்டு அழ ஆரம்பித்ததும் இவனுக்கும் கண் கலங்கிவிட்டது. பூசைக்குக் கொடுப்பது அங்கே தொடங்கிவிட்டது என்றுதான் நான் சொல்வேன். ரசீது எழுதுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

முட்டத்துக்கும் குளச்சலுக்கும் நடுவில் ஒரு கடற்கரை ஊர் எங்களுடையது. பள்ளிக்கூட வேலையில் இருந்து ஓய்வு பெற்றபின் ஒன்பது வருஷம் எங்கள் பங்குக் கோயில் அலுவலகத்தில் பூசைக் கருத்து நோட்டை எழுதினேன். காலைப் பூசை முடிந்து சாயா குடித்துவிட்டு உட்கார்ந்தால் பத்து மணி வரை ஆள் வந்துகொண்டே இருக்கும். அப்போது பங்குத்தந்தையாக இருந்தவர் முதல் வாரமே திருச்சபைச் சட்டத்தில் இதைப் பற்றிய பகுதியைத் தமிழில் எனக்கு விளக்கிச் சொன்னார். 1983-ல் வெளியான தொகுப்பில் 945 முதல் 958 வரையுள்ள எண்கள். அதில் நான் படித்ததும், அந்த மேசையில் உட்கார்ந்து பார்த்ததும் சேர்ந்ததுதான் இங்கே எழுதுவது. முதல் தடவை கொடுக்கிறவர்களுக்கும், வெளிநாட்டில் இருந்து கொடுக்க நினைக்கிற பிள்ளைகளுக்கும் உதவும்.

ஒவ்வொரு பூசையும் எல்லாருக்காகவும்தான் ஒப்புக்கொடுக்கப்படுகிறது, உயிரோடு இருப்போருக்கும் இறந்தோருக்கும். அதோடு, அன்றைய பூசையின் பலனை ஒரு குறிப்பிட்ட ஆளுக்கோ தேவைக்கோ குருவானவர் மனதில் நிறுத்தி ஒப்புக்கொடுக்கலாம். அதைத்தான் கருத்து என்கிறோம். இது நேற்று முளைத்த பழக்கம் இல்லை. போரில் விழுந்தவர்களுக்காக யூதர்களின் படைத்தலைவர் யூதா மக்கபே ஏறக்குறைய 2,000 வெள்ளி திராக்மா திரட்டி, பாவம் போக்கும் பலி ஒப்புக்கொடுக்க எருசலேமுக்கு அனுப்பியதை 2 மக்கபேயர் 12-ம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். புனித மோனிக்கா 387-ல் ஓஸ்தியாவில் சாகக் கிடந்தபோது, என் உடலை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள், ஆண்டவருடைய பீடத்தில் மட்டும் என்னை நினையுங்கள் என்று பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டார். மகன் அகுஸ்தீனார் அதை எழுதி வைத்திருக்கிறார். சொந்த ஊருக்குப் போய்ச் சேர முடியாமல் கடல் தாண்டிய இடத்தில் செத்த ஒரு தாயின் ஆசை அது. எங்கள் கரையில் உள்ளவர்களுக்கு அதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, முதல் வேலை: யாருக்காக, எதற்காக என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். அலுவலகத்தில் வந்து நின்று யோசிக்காதீர்கள்.

பூசை என்றால் செத்தவர்களுக்கு மட்டும்தான் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். உயிரோடு இருக்கிற யாருக்காகவும் கொடுக்கலாம். ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில் கிடக்கிற மாமிக்காக, பிளஸ் டூ எழுதுகிற பிள்ளைக்காக, ஜூலை 31-ல் தடைக்காலம் முடிந்து விசைப்படகு கடலுக்கு இறங்கும்போது அதில் போகிறவர்களுக்காக, கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் ஆனதற்காக. நன்றிப் பூசை கொடுக்க வருகிறவர்கள்தான் குறைவு. பரீட்சைக்கு முன்னால் மேசை முன் வரிசை நிற்கும். ரிசல்ட் வந்தபின் அந்த வரிசையில் நாலு பேர் திரும்பி வந்தால் பெரிய காரியம். நேர்ச்சை போல முன்னால் ஒன்று கொடுத்தால், பின்னால் நன்றிக்கும் ஒன்று கொடுக்கப் பழகுங்கள்.

கெட்டது நடக்க வேண்டும் என்று கருத்து எழுத முடியாது. சொத்துத் தகராறில் இருந்த ஒருவர் வந்து, "கேஸ்ல நாங்க ஜெயிக்கணும், அவனுவ தோக்கணும்னு எழுதுங்க" என்றார். "நியாயம் கிடைக்கவும் இரண்டு வீட்டிலும் சமாதானம் உண்டாகவும்" என்று எழுதி வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அப்புறம் தலையை ஆட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

இன்னொன்று, "அந்தோணியாருக்கு ஒரு பூசை", "சவேரியாருக்கு ஒரு பூசை" என்று நாம் சொல்வது பேச்சு வழக்கு. பூசை கடவுளுக்கு மட்டுமே ஒப்புக்கொடுக்கப்படுகிறது. 1562-லேயே ஆயர்கள் கூடிய திரிதெந்து பொதுச்சங்கம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே "அந்தோணியார் வழியாகப் பெற்ற நன்மைக்கு நன்றியாக" என்று எழுதுவதுதான் சரி. புனித தேவசகாயத்தின் கல்லறை இருக்கிற கோட்டாறு பேராலயத்திலோ, 1752 ஜனவரி 14-ல் அவர் சுடப்பட்ட காற்றாடிமலையிலோ கொடுக்க விரும்பினாலும் இதேபோல எழுதுங்கள். புனிதர்களுக்கு நம்முடைய பூசைப் பலன் தேவை இல்லை. அவர்கள் நமக்காகப் பரிந்து பேசுகிறவர்கள்.

இனி, துண்டுச் சீட்டு. ஒன்பது வருஷத்தில் என்னை அதிகம் தவிக்க வைத்தது இந்தச் சீட்டுதான்.

பெரும்பாலும் பிள்ளைகளிடம் கொடுத்து அனுப்புவார்கள். ரேஷன் பில்லின் பின்புறம், நாள்காட்டித் தாள், பீடிக்கட்டு உறை எல்லாவற்றிலும் வரும். "அப்பா ஆன்மா இளைப்பாற்றிக்கு" என்று மட்டும் இருக்கும். யாருடைய அப்பா? கொண்டுவந்த பிள்ளையைக் கேட்டால் "அம்மை தந்தது" என்று சொல்லிவிட்டு ஓடிவிடும். பெயர் இருந்தாலும் "அந்தோணி" என்று மட்டும் இருக்கும். எங்கள் ஊரில் ஒரு அன்பியத்தை, அதாவது பக்கத்து வீடுகள் சேர்ந்த செபக் குழுவை, கூப்பிட்டாலே ஐந்து அந்தோணி, நாலு சேவியர், ஆறு மேரி கை தூக்குவார்கள். கடவுளுக்கு எந்த அந்தோணி என்று தெரியும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பூசையில் பெயர் வாசிக்கும்போது முன்வரிசையில் நிற்கிற மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அது நம்ம ஆள்தான் என்று தெரிய வேண்டும். அந்த ஒரு நொடிக்காகத்தானே விடியற்காலையில் குளித்துக் கிளம்பி வருகிறார்கள்.

ஆகவே சீட்டில் இப்படி எழுதுங்கள். முதல் வரியில் யாருக்காக என்று முழுப்பெயர், கூடவே வீட்டுப் பெயரோ அப்பா பெயரோ. இரண்டாம் வரியில் கருத்து: ஆன்ம இளைப்பாற்றி, முதலாம் ஆண்டு நினைவு, உடல் நலம், நன்றி, எதுவோ அது. மூன்றாம் வரியில் வேண்டிய தேதியும் நேரமும். நாலாம் வரியில் கொடுக்கிறவர் பெயர், அன்பியம், போன் நம்பர். ஊரில் எல்லாரும் பட்டப்பெயரில்தான் அறிவார்கள் என்றால் அதையும் பக்கத்தில் எழுதித் தாருங்கள், நோட்டு எழுதுகிறவர் பென்சிலில் குறித்துக்கொள்வார். பூசையில் வாசிக்க மாட்டார்கள், ஆனால் நோட்டில் ஆளை அடையாளம் காண உதவும். எழுத்துக் கூட்டி வாசிக்கிற மாதிரி எழுதுங்கள். ஒரு தடவை "செல்வராஜ்" என்று எழுதியதை "செல்லராணி" என்று வாசித்துவிட்டார்கள். அந்தக் குடும்பம் பூசை முடியும்வரை தலை நிமிரவில்லை.

தேதி விஷயத்தில்தான் மனவருத்தம் அதிகம் வரும். அதனால் இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

ஒரு குருவானவர் சாதாரணமாக ஒரு நாளைக்கு ஒரு பூசைதான் வைக்கலாம். தகுந்த காரணம் இருந்தால் ஆயருடைய அனுமதியோடு இரண்டு, ஞாயிறும் கடன் திருநாளும் (கட்டாயம் பூசை காண வேண்டிய திருநாள்) என்றால் மூன்று வரை. காணிக்கை வாங்கிய ஒவ்வொரு கருத்துக்கும் தனித்தனிப் பூசை வைக்க வேண்டும், காணிக்கை எவ்வளவு சின்னதாக இருந்தாலும். சட்ட எண் 948 சொல்வது இது. ஆக, ஒரே ஒரு சாமியார் இருக்கிற பங்கில் வருஷத்துக்கு எத்தனை நாள் கிடைக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். அதில் பெரிய வெள்ளி அன்றும் மறுநாள் சனி பகலிலும் பூசையே கிடையாது. பெரிய வியாழன் அன்று பங்கில் மாலைப் பூசை மட்டும்தான். அப்பா இறந்த தேதி அந்த நாட்களில் விழுந்தால் குருத்து ஞாயிறுக்கு முந்தின வாரமோ பாஸ்கா (ஈஸ்டர்) முடிந்த வாரமோ கேளுங்கள்.

எல்லாருக்கும் ஞாயிறு வேண்டும். வெளியூர் அக்கா தங்கச்சி எல்லாம் அன்றைக்குத்தான் வர முடியும், அது எனக்குப் புரிகிறது. ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் கடன் திருநாளும் பங்குத்தந்தை ஒரு பூசையைப் பங்கு மக்கள் எல்லாருக்காகவும் ஒப்புக்கொடுத்தாக வேண்டும். அதற்குக் காணிக்கை இல்லை. அது அவருடைய கடமை, சட்ட எண் 534. ஞாயிறு ஒரே ஒரு பூசை உள்ள சின்ன ஊர்களில் அந்தப் பூசை அதற்கே போய்விடும். "ஃபாதர் எங்களுக்கு ஞாயித்துக்கிழமை தரமாட்டேங்கார்" என்று கோபப்படுவதற்கு முன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பூசையில் உங்கள் வீடும் இருக்கிறது.

பெயர் வாசிப்பதும் கருத்துக்கு ஒப்புக்கொடுப்பதும் ஒன்று என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். ஞாயிறு மன்றாட்டில் பத்துப் பெயர் வாசித்தால், அந்தப் பத்துப் பேருக்காக நாம் எல்லாரும் செபிக்கிறோம் என்று அர்த்தம். அந்தப் பூசை யாருடைய கருத்துக்கு என்பது நோட்டில் இருக்கிறது. அதேபோல, உங்கள் அப்பாவுக்கு என்று கொடுத்த நாளில் சாமியார் சிவப்பு உடுப்பில் வந்து மறைசாட்சியின் பூசையை வைத்தால் பதறாதீர்கள். அன்றைய திருநாளுக்கு உள்ள செபங்களைச் சொன்னாலும் கருத்து உங்கள் அப்பாவுக்குத்தான்.

ஆகவே நாள் முக்கியம் என்றால் ஒரு மாதம் முன்னால் வாருங்கள். முதலாம் ஆண்டு என்றால் இரண்டு மாதம். ஏழாம் நாளும் முப்பதாம் நாளும் திடீரென்று வருவது, அதற்கு எந்தப் பங்கிலும் எப்படியாவது இடம் செய்து கொடுப்பார்கள். அடக்கம் முடிந்த அன்றே, அன்பியப் பொறுப்பாளர் ஒருவரை அனுப்பி இரண்டு தேதியையும் சேர்த்துக் குறித்துவிடுங்கள். வீட்டுக்காரர்கள் அந்த நேரத்தில் எழுந்து வர வேண்டியதில்லை. கல்லறைத் திருநாளான நவம்பர் 2-ஐப் பொறுத்தவரை ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அன்று ஒரு குரு மூன்று பூசை வைக்கலாம் என்ற சலுகையை முதல் உலகப்போர் நேரத்தில், 1915-ல், திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் எல்லாக் குருக்களுக்கும் கொடுத்தார். அதில் ஒன்று மட்டும்தான் தனிக் கருத்துக்கு. இன்னொன்று இறந்த விசுவாசிகள் எல்லாருக்கும், மற்றது திருத்தந்தையின் கருத்துக்கு. கல்லறைத் திருநாளுக்குக் கவரில் பெயர்ப் பட்டியல் எழுதிப் போடுவது நல்ல வழக்கம், ஆனால் அது தனிக் கருத்துக்கு ஈடு இல்லை.

இப்போது காசு. பூசைக்கு விலை கிடையாது. "பூசை வாங்கினேன்" என்று யாராவது சொன்னால் நான் அங்கேயே திருத்திவிடுவேன். வியாபாரம் என்ற சாயல்கூட இதில் வரக்கூடாது என்று 947 சொல்கிறது. அந்தக் காலத்தில் விசுவாசிகள் பலிக்கு அப்பமும் இரசமும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதுதான் பின்னால் காசாக மாறியது. கொடுக்கிறவரும் அந்தப் பலியில் தன் பங்கைச் சேர்க்கிறார், குருவின் பிழைப்புக்கும் திருச்சபைக்கும் உதவுகிறார்.

எவ்வளவு என்பதை ஒரு மறைமாநிலத்தின் (பல மறைமாவட்டங்கள் சேர்ந்தது) ஆயர்கள் சேர்ந்து தீர்மானிக்கிறார்கள். கோட்டாறும் குழித்துறையும் மதுரை மறைமாநிலத்தில் வருகின்றன. தூத்தூர் பக்கத்துக் கடற்கரைப் பங்குகள் நம் மாவட்டத்தில் இருந்தாலும் திருவனந்தபுரம் இலத்தீன் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. தக்கலை சீரோ மலபார் மறைமாவட்டத்துக்கும் மார்த்தாண்டம் மலங்கரை மறைமாவட்டத்துக்கும் அவரவர் ஒழுங்கு உண்டு, பூசையை அவர்கள் குர்பானா என்பார்கள். அதனால் அம்மா வீட்டுப் பங்கில் ஒரு தொகையும் மாமியார் வீட்டுப் பங்கில் வேறு தொகையும் இருந்தால் யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அறிவிப்புப் பலகையைப் பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள். அதற்கு மேல் குரு கேட்கக்கூடாது. நீங்களாக மனதோடு கூடுதலாகக் கொடுத்தால் வாங்கலாம். குறைவாகக் கொடுத்தாலும் வாங்கலாம்.

ஒன்றுமே இல்லாவிட்டாலும் கேட்கலாம். இதை நான் ஒவ்வொரு வருஷமும் அன்பியக் கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன், இப்போதும் சொல்கிறேன். ஏழைகளின் கருத்துக்காகக் காணிக்கை இல்லாமலே பூசை வையுங்கள் என்று 945 குருக்களை வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறது. தலைச்சுமையாக மீன் விற்கிற ஒரு அக்கா விற்று முடிந்ததும் நேராக அலுவலகத்துக்கு வருவார். மடியில் இருந்து பத்து ரூபாய்த் தாள்களை எடுத்து ஒவ்வொன்றாகப் பிரித்து வைப்பார், எல்லாம் நனைந்து ஒட்டியிருக்கும். ஜன்னல் திண்டில் கல்லை வைத்துக் காயப்போட்டால் அறை முழுக்க சாளை வாசம். பாதித் தொகைகூட வராது. பங்குத்தந்தை அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "அம்மா, மீதியை நீங்க செபமாத் தாங்க" என்பார். அந்த அக்கா மகளுக்காகக் கொடுத்த பூசை நோட்டில் மற்ற எல்லாப் பூசையையும் போல ஒரு வரி. தொகை எழுதும் கட்டத்தில் வித்தியாசம் இருக்கும், அவ்வளவுதான்.

கூட்டுப் பூசை பற்றி இப்போது நிறையக் கேட்கிறார்கள். தேதி போதாததால் பல பேருடைய கருத்தைச் சேர்த்து ஒரே பூசையாக வைப்பது அது. 1991-ல் வந்த வத்திக்கான் ஆணைப்படி, கொடுக்கிறவர்கள் வெளிப்படையாகச் சம்மதித்திருக்க வேண்டும், இடமும் நேரமும் அறிவித்திருக்க வேண்டும், வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் வைக்கக்கூடாது. 2025 ஏப்ரல் 20, பாஸ்கா ஞாயிறு முதல் புது ஆணை நடைமுறையில் இருக்கிறது. இதில் அந்தந்த மறைமாநில ஆயர்கள் தீர்மானிக்க இடம் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் கொடுக்கிறவரிடம் முன்கூட்டியே சொல்லி அவர் மனதார ஒத்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது மாறவில்லை. எத்தனை பேர் கொடுத்தாலும் குரு தனக்கென்று எடுத்துக்கொள்வது ஒரு காணிக்கையின் அளவுதான். ஆகவே கொடுக்கும்போதே கேளுங்கள்: "இது தனிக் கருத்தா, கூட்டுக் கருத்தா?" தனியாகத்தான் வேண்டும் என்றால் அப்படியே சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. இன்னொன்றும் சொல்லிவிடுங்கள். பங்கில் இடம் இல்லாவிட்டால் கருத்தை வேறு குருக்களுக்கு, வயதான சாமியார்களுக்கோ தூர இடத்தில் பணி செய்கிறவர்களுக்கோ, அனுப்பி வைப்பது வழக்கம். அங்கே வைத்தாலும் பலன் ஒன்றுதான். ஆனால் நம் கோயிலில்தான், நாங்கள் இருக்கும்போதுதான் வைக்க வேண்டும் என்றால் முதலிலேயே சொல்ல வேண்டும்.

ரசீது வாங்காமல் எழுந்து வராதீர்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் அம்மாவின் முதலாம் ஆண்டுக்கு, அவர் வருஷந்தோறும் நடந்து போன ஒரு பெரிய கோயிலில் பூசை வைக்க ஆசைப்பட்டேன். அங்கே போகிற ஒரு உறவினரிடம் காசையும் சீட்டையும் கொடுத்து அனுப்பினேன். அந்த நாள் அதிகாலையில் வேன் பிடித்து, தம்பி, மைனி, பிள்ளைகள் எல்லாரும் போய் நின்றோம். அம்மா பெயர் வரவில்லை. அலுவலகத்தில் நோட்டைப் புரட்டினார்கள், வரி இல்லை. காசு பெட்டியில் விழுந்திருக்கிறது, சீட்டு எங்கோ போய்விட்டது. மைனி வெளியே படியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுததை என்னால் மறக்க முடியாது. அங்கிருந்த சாமியார் நாங்கள் சொன்னதை நம்பினார். காசு தொலைந்தாலும் பூசை வைக்கிற கடமை தொலையாது என்று சொல்லி, மறுநாள் ஆறு மணிப் பூசையை அம்மாவுக்காக வைத்தார். தம்பி மட்டும் தங்கிப் பூசை கண்டான்.

அதன்பின் நோட்டு எழுத உட்கார்ந்தபோது ஒரு வரியைக்கூடத் தள்ளிப் போட்டதில்லை. நீளமான கணக்கு நோட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் ஸ்கேல் வைத்து நானே கோடு போடுவேன். வரிசை எண், வாங்கிய நாள், கொடுத்தவர், யாருக்காக, என்ன கருத்து, காணிக்கை, வைக்க வேண்டிய நாள். கடைசிக் கட்டம் காலியாக இருக்கும். பூசை முடிந்து வந்ததும் பங்குத்தந்தை அதில் வைத்த நாளை எழுதிக் கையெழுத்துப் போடுவார். இந்த நோட்டு ஒவ்வொரு பங்கிலும் இருக்க வேண்டும், வருஷம் ஒருமுறை ஆயரோ அவர் அனுப்பும் ஆளோ பார்க்க வேண்டும் என்பது சட்டம். எனவே "எங்க பூசை வெச்சாச்சா" என்று தயங்காமல் கேளுங்கள். அது சந்தேகப்படுவது ஆகாது. வெளிநாட்டில் இருந்து ஜிபேயில் அனுப்புகிற பிள்ளைகள், காசு போட்டதோடு விடாமல் நான் மேலே சொன்ன நாலு வரியையும் வாட்ஸ்அப்பில் அனுப்பி, பதில் வந்ததா என்று பாருங்கள். பங்கு அலுவலகத்தின் எண்ணா என்பதையும் வீட்டாரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

கிரகோரியார் பூசை கேட்டு வருகிறவர்கள் உண்டு. இறந்த ஒருவருக்காக, தொடர்ந்து முப்பது நாள் முப்பது பூசை. புனிதரான திருத்தந்தை பெரிய கிரகோரியார் தம் மடத்தில் மூன்று பொற்காசை ஒளித்து வைத்திருந்த ஒரு துறவி இறந்தபின், அவருக்காக முப்பது நாள் பலி ஒப்புக்கொடுக்கச் சொன்னதில் இருந்து வந்தது. உயிரோடு இருப்பவருக்கு இதைக் கொடுக்க முடியாது, இரண்டு பேரைச் சேர்த்தும் கொடுக்க முடியாது. ஒரே குருதான் முப்பதும் வைக்க வேண்டும் என்பதில்லை. பங்கில் ஒரு மாதத்தை முழுசாக ஒரு குடும்பத்துக்கு ஒதுக்குவது கடினம். அதனால் துறவற மடங்களையோ ஓய்வு பெற்ற குருக்களையோ விசாரியுங்கள், பங்குத்தந்தையே ஏற்பாடு செய்து தருவார். கடன் வாங்கி இதைக் கொடுக்க வந்த ஒரு வீட்டாரை நான் திருப்பி அனுப்பினேன். ஒரு பூசை கொடுத்துவிட்டு, முப்பது நாளும் வீட்டில் ஆளுக்கு ஒருவர் காலைப் பூசைக்கு வாருங்கள் என்றேன். வந்தார்கள்.

சிலர் கேட்கவே பயப்படுகிற கேள்விகள் இருக்கின்றன. தற்கொலை செய்துகொண்டவருக்குப் பூசை வைக்கலாமா? வைக்கலாம். அவர்களுக்காகத் திருச்சபை செபிக்கிறது என்று மறைக்கல்வி ஏடே சொல்கிறது. அலுவலகத்தில் கூட்டமாக இருந்தால் தனியாக வந்து பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள், காரணம் எதுவும் நோட்டில் ஏறாது. கத்தோலிக்கர் அல்லாதவருக்குக் கொடுக்கலாமா? யாருக்காகவும் ஒப்புக்கொடுக்கலாம், எண் 901. எங்கள் ஊரில் கருவாட்டு வியாபாரத்துக்கு வருகிற ஒரு இந்துக் குடும்பம் வருஷந்தோறும் அவர்கள் அப்பாவுக்காகக் கொடுக்கிறது. சிஎஸ்ஐ வீட்டில் இருந்து வந்த மருமகள்களுக்குச் சங்கடம் இருக்கும், இறந்தவர்களுக்காகச் செபிக்கும் வழக்கம் அவர்கள் சபையில் இல்லை. அவர்களைக் கட்டாயப்படுத்தாதீர்கள். "குடும்பத்துக்கு நன்றிப் பூசை" என்று எழுதினால் எல்லாரும் ஒன்றாக வந்து நிற்கலாம். அந்தப் பூசையிலேயே இறந்தவரையும் மனதில் நினைத்துக்கொள்ளலாம்.

கடலில் காணாமல் போனவர்களுக்கு எப்படி எழுதுவது என்பது எங்கள் கரைக்கே உரிய கேள்வி. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் தூத்தூர் பக்கத்துப் படகில் ஆழ்கடலுக்குப் போயிருந்தான். படகும் வரவில்லை, ஆளும் வரவில்லை. அவன் அம்மா மாதந்தோறும் 30-ம் தேதி வந்து உட்காருவார். முதல் மாதம் எழுதும்போது என் பேனா நின்றுவிட்டது. ஆன்ம இளைப்பாற்றி என்று எழுதவா, நலமாகத் திரும்பி வர என்று எழுதவா? பங்குத்தந்தையைப் போய்க் கேட்டேன். "பேரை மட்டும் எழுதுங்க டீச்சர். அவன் எங்க இருக்கான்னு ஆண்டவருக்குத் தெரியும்" என்றார். அப்படியே எழுதினேன். கருத்துக் கட்டத்தில் ஒன்றும் இல்லை, பெயர் மட்டும். சர்க்காரின் இறப்புச் சான்றிதழ் வந்தபின்பும் அதேபோல்தான். மன்றாட்டில், "கடலுக்குப் போன நம் சகோதரனுக்காக" என்று வாசிப்பார்கள்.

மூன்றாம் வருஷமோ நாலாம் வருஷமோ, ஒரு 30-ம் தேதி காலை அவர் வந்தார். நான் வழக்கம்போல் பெயரை எழுதி முடித்தேன். அவர் விரலை அந்தக் காலிக் கட்டத்தில் வைத்து, "இளைப்பாற்றிக்குன்னு எழுதுங்க டீச்சர்" என்றார். எழுதினேன். அவர் எழுந்து போகவில்லை, மை காய்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

உங்கள் வீட்டில் இப்படி யாராவது இருந்தால், எந்த வார்த்தையை எழுதுவது என்று நீங்கள் அவசரப்பட வேண்டாம், அலுவலகத்தில் இருப்பவர் அவசரப்படுத்தினாலும் வேண்டாம். பெயர் போதும்.

அன்றைய நாள் வந்ததும் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கால் மணி நேரம் முன்னால் போங்கள், கோயில் பிள்ளையிடமோ (கோயில் வேலைகளைக் கவனிக்கிறவர்) சாமியாரிடமோ இன்றைய கருத்து எங்களுடையது என்று ஞாபகப்படுத்துங்கள், பெயரை எப்படி உச்சரிப்பது என்றும் சொல்லுங்கள். முடிந்தால் முந்தின நாளே பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு, பூசையில் நன்மை (நற்கருணை) வாங்குங்கள். வாசகம் படிக்கவும் காணிக்கைப் பொருள் கொண்டுபோகவும் வீட்டுப் பிள்ளைகளை விட முடியுமா என்று கேளுங்கள், பெரும்பாலும் சம்மதிப்பார்கள். பூசை முடிந்ததும் கல்லறைக்குப் போய் வாருங்கள். வெளியூரில் இருக்கிறவர்கள் அந்த நேரத்தில் அங்கேயே ஒரு கோயிலுக்குப் போக முடிந்தால் போங்கள். குவைத் பையனுக்கு லீவு முடிய ஒன்பது நாள்தான் இருக்கிறது, அவன் அப்பாவின் நாள் அடுத்த மாதம். அதற்குப் பதிலாக வருகிற வியாழன் காலை ஐந்தரைப் பூசை கிடைத்திருக்கிறது. அப்பாவின் நாளன்றும் ஒரு பூசை எழுதியிருக்கிறோம், அதற்கு அவன் அம்மா போவார். இரண்டு ரசீதையும் அவன் பாஸ்போர்ட் உறைக்குள் வைத்துக்கொண்டான்.